தட்டா, கொடியா, சைலேஜா? இருபது செம்மறிக்குக் கோடைத் தீவனம்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்களுக்கு மாசி பிறந்துவிட்டால் ஒரே கணக்குதான்: கொறங்காட்டு (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) புல் இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்த புல்லில் புரதம் 3, 4 சதவீதம்தான் மிஞ்சும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். தின்றது செரிக்க நாளாகும்; செரிக்காததால் ஆடு தின்பதையே குறைத்துக்கொள்ளும். வயிறு உப்பித் தெரிகிற ஆடு முதுகெலும்பு தட்ட மெலிவது இதனால்தான்.

பட்டியில் 20 தாய் ஆடும் ஒரு கிடாவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேச்சேரி இனத் தாய் ஆடு சுமார் 25 கிலோ. உடல் எடையில் 4 சதவீதம் உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சும் தீவனம்) வேண்டும் என்றால் நாளைக்கு ஒரு கிலோ. கோடையில் மேய்ச்சல் அதில் பாதியைக் கொடுத்தாலே பெரிது. ஆகவே ஆடு ஒன்றுக்கு 600 கிராம் நாம் போட வேண்டும். 21 உருப்படிக்கு ஒரு நாளைக்கு 12.6 கிலோ, 120 நாளைக்கு 1,500 கிலோ சொச்சம். சிந்துவது, மிதிபடுவது, போரின் அடியில் மக்கிப் போவது என்று 20 சதவீதம் சேர்த்தால் 1,800 கிலோ. இதை எதிலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. மானாவாரிச் சோளத்தட்டு, கடலைக்கொடி, பச்சையாக வெட்டிக் காற்றுப் போகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் சைலேஜ் மூன்றும்தான் நிஜமான போட்டியாளர்கள். நெல் வைக்கோல் கட்டு வாங்குவது நான்காவது. அதைக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

சோளத்தட்டு

புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்து, மார்கழிக் கடைசியிலோ தையிலோ அறுக்கும் தட்டு. மழை ஒழுங்காகப் பெய்தால் ஏக்கருக்குச் சுமார் இரண்டு டன் காய்ந்த தட்டு கிடைக்கும். ஏமாற்றினால் அதில் பாதி. தண்ணீர்ச் செலவு இல்லை, போர் போட்டால் அடுத்த வருஷம்வரைகூட இருக்கும். எருமை, மாடு வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் யோசனையே தேவையில்லை.

செம்மறிக்குத்தான் சிக்கல். மாட்டின் வாய் வேறு, ஆட்டின் வாய் வேறு. கட்டைவிரல் பருமன் தட்டை அப்படியே போட்டால் ஆடு தோகையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவிடும். மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகும். இதற்கு வழி விதைப்பிலேயே இருக்கிறது. தானியத்துக்கு விதைப்பதுபோல் இடைவெளி விடாமல், ஏக்கருக்கு 16 கிலோவுக்குக் குறையாமல் நெருக்கி விதைத்தால் தண்டு பென்சில் பருமனுக்குள் நிற்கும். பிறகு தட்டு வெட்டும் மெஷினில் ஓர் அங்குலத் துண்டாக வெட்டிப் போட்டால் கழிவு பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

அறுக்கும் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பூத்து, கதிரில் பால் கட்டும் சமயத்தில் அறுத்த தட்டில் புரதம் 7, 8 சதவீதம் இருக்கும். தானியம் முற்றட்டும், அதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாதம் விட்டால் அதே தட்டு 3, 4 சதவீதத்துக்கு வந்துவிடும். கொறங்காட்டில் சும்மா நிற்கிற காய்ந்த புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தானியமும் தட்டும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் கோடையில் புண்ணாக்குக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பூப்பதற்கு முன்னால் அறுப்பதும் ஆகாது. இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு இருக்கிறது. மழை இல்லாமல் வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து கிளம்பும் மறுதாம்புத் துளிரிலும் அது இன்னும் அதிகம். அந்தத் துளிரில் பட்டி புகுந்தால் சில நிமிஷங்களிலேயே ஆடு மூச்சுத் திணறிச் சாயும். டாக்டர் ஊசியோடு வருவதற்குள் முடிந்துவிடும். நன்றாக உலர்த்தினால் இந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். அறுத்த காட்டை ஒரு மழைக்குப் பிறகு உழுதுவிடுவது நல்லது.

உலர்த்துவதில் தட்டுக்கு எதிரி பனி. தைப் பனியில் தரையில் கிடந்த தட்டு நாலே நாளில் கறுக்கும். காலையில் பனி உலர்ந்த பிறகு அறுத்து, ஒரு நாள் பரப்பிப் போட்டு, மறுநாள் கையகலக் கட்டாகக் கட்டி, எட்டுப் பத்துக் கட்டுகளைத் தலை சேர்த்துக் கூம்பாக நிறுத்திவிட வேண்டும். காற்று ஊடே போகும், பனி மேல்தோகையோடு நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ந்துவிடும். தோகை சலசலப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்டின் கணுதான் கடைசியாகக் காயும். கணுவில் நகத்தால் கீறிப் பார்த்து ஈரம் கசிந்தால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலே போதும். பொடியாக நறுக்கிய தட்டு ஒரு பிடி, வறுத்து ஆறிய உப்பு ஒரு ஸ்பூன், மூடி இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்கிறது, போர் போடலாம். உப்பு கட்டிபிடித்துத் தட்டில் ஒட்டினால் இன்னும் காயவில்லை.

போரின் அடித்தளம் பற்றிப் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கல் பரப்பி, மேலே பனைமட்டையோ கருவேலங்கட்டையோ போட்டு ஓரடி உயர்த்தாவிட்டால் கரையானுக்குத்தான் படி அளக்கிறோம். கட்டின் அடித்தண்டு வெளிப்பக்கம், தோகை உள்பக்கம். நடுவை எப்போதும் ஓரத்தைவிட உயரமாக வைத்து அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டும் வெளியே சரிந்திருக்கும். கோடைமழைத் தண்ணீர் தண்டு வழியே வெளியே வடியும். நடு பள்ளமாக அடுக்கிய போர் மழையைக் குடித்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்கு ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஈரம் வேகிறது. அன்றைக்கே போரைப் பிரிக்க வேண்டியதுதான்.

கடலைக்கொடி

மார்கழியில் இறவையில் விதைத்த நிலக்கடலை பங்குனி, சித்திரையில் பிடுங்கப்படும். சரியாகத் தீவனம் தட்டுகிற நேரத்துக்குக் கொடி வந்து சேரும். ஏக்கருக்கு ஒரு டன் முதல் ஒன்றரை டன் வரை காய்ந்த கொடி. புரதம் 9 முதல் 12 சதவீதம். தண்டும் மெல்லிசு என்பதால் வெட்டிப் போடத் தேவையில்லை. ஆடு முண்டியடித்துக்கொண்டு வரும். தட்டோடு ஒப்பிட்டால் கிலோவுக்குக் கிலோ கொடிதான் மேல், அதில் பேச்சே இல்லை.

ஆனால் கொடியின் சத்து இலையில் இருக்கிறது, அந்த இலை தண்டுக்கு முன்னாலேயே காய்ந்து நொறுங்கிவிடும். தட்டுக்குப் பனி எதிரி என்றால் கொடிக்குச் சித்திரை வெயில் எதிரி. மத்தியானம் புரட்டிப் போட்ட கொடியைத் தூக்கினால் கையில் வெறும் நார்தான் வரும், இலையெல்லாம் மண்ணில் கிடக்கும். காலை எட்டு மணிக்குள், இலை பதமாக இருக்கும்போதே புரட்ட வேண்டும்; கட்டித் தூக்குவதும் அந்த நேரத்தில்தான். முதல் நாள் வெயில், அடுத்த இரண்டு நாள் மரநிழலிலோ கொட்டகையிலோ மெல்லிசாகப் பரப்பி வைத்தால் இலை பச்சை மாறாமல் நிற்கும்.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. இலைப்புள்ளியும் துருவும் விழுந்த காட்டில் பிடுங்குமுன்பே இலை கொட்டியிருக்கும். அந்தக் கொடியைத் தட்டு விலைக்கு மேல் வாங்கக் கூடாது. நோய்க்குக் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷினில் அடித்த கொடி தூளும் மண்ணுமாக இருக்கும், ஆடு இருமும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் போட்டால் தூசி அடங்கும், ஆனால் தெளித்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் பூஞ்சணம் பிடித்த காய்கள்தான் மோசம். அதிலிருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சினை ஆட்டுக்கு ஆகவே ஆகாது. கையால் ஆய்ந்த கொடி கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்குவதே மேல்.

சைலேஜ்

ஊறுகாய்ப்புல் என்று கால்நடைத் துறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கிணற்றில் தண்ணீர் இருப்பவர்களுக்கு மட்டும். கோ.எஃப்.எஸ் 29 போன்ற பலமுறை வெட்டும் சோளம் என்றால் ஏக்கருக்கு 2 கிலோ விதை, முதல் வெட்டு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒரு தடவை. ஒரு நாள் வாட்டி, ஓர் அங்குலத்துக்கு வெட்டி, காற்றுப் போகாமல் மிதித்து அடைத்து 40 நாள் மூடி வைப்பது. பதம் பார்க்க, வெட்டியதை ஒரு பிடி எடுத்து அரை நிமிஷம் இறுக்கிவிட்டுக் கையை விரிக்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். உடனே சிதறினால் காய்ந்துவிட்டது. உருண்டை மெதுவாக விரிந்தால் அதுதான் பதம்.

மழை பெய்தாலும் சைலேஜ் போடலாம், பனிக்கும் வெயிலுக்கும் பயப்பட வேண்டாம், இலை கொட்டாது. இதெல்லாம் உண்மைதான். 20 ஆட்டுக்காரருக்கு ஒத்துவருமா என்பது வேறு விஷயம். குழி வெட்டிப் போடச் சொல்பவர்கள் மாட்டுப் பண்ணையை மனசில் வைத்துச் சொல்கிறார்கள். திறந்த குழியின் முகப்பிலிருந்து தினமும் பத்துப் பதினைந்து சென்டிமீட்டராவது வழித்தெடுக்காவிட்டால் கோடை வெக்கையில் முகப்பு சூடேறிக் கெடும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள சின்னக் குழியிலேயே பத்து சென்டிமீட்டர் என்றால் 50 கிலோவுக்கு மேல் வரும். 21 ஆட்டுக்குத் தலைக்கு ஒன்றரை கிலோ போட்டாலும் நாளைக்கு 32 கிலோதான் போகும். மீதி கெட்டுப்போகும், கெட்டதைத் தெரியாமல் ஆடும் தின்னும்.

செம்மறிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. காற்றுப் புகுந்த சைலேஜில் பெருகும் லிஸ்டீரியா கிருமி மூளையைத் தாக்கி, ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றும், சினையும் கலையும். மாட்டைவிடச் செம்மறிக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால் சைலேஜ்தான் வேண்டும் என்றால் 200 லிட்டர் மூடிபோட்ட டிரம்மே சரி. ஒன்றில் சுமார் 100 கிலோ பிடிக்கும், திறந்தால் மூன்று நாளில் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் பையில் எலி ஒரு ஓட்டை போட்டால் அந்தப் பை முழுக்கப் போச்சு. புளிப்பு மணமும் மங்கிய பச்சை நிறமும் இருந்தால் போடலாம். வெள்ளைப் பூஞ்சணமோ அழுகல் வாடையோ தெரிந்தால் குப்பைக்குழிக்குத்தான். டிரம்மை வாங்கும் காசில் அரை ஏக்கர் கடலைக்கொடி வாங்கிவிடலாமே என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அன்றாட வேலையில் எது எப்படி

பகல் பொழுது மூன்றுக்கும் ஒன்றுதான். விடிந்ததும் பட்டி கூட்டி, பனி உலர்ந்த பிறகு திறப்பது, உச்சியில் வெள்வேல மர நிழல், வெயில் தாழ மறுபடி மேய்ச்சல், இருட்டுமுன் பட்டி. சித்திரை, வைகாசியில் வெள்வேலங்காய் உதிர்வது இலவச அடர்தீவனம்; பொறுக்கி வைத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்! வேறுபாடு சாயங்காலம் தெரியும். தட்டு என்றால் தினமும் வெட்ட வேண்டும், அரை மணி நேர வேலை. கொடி என்றால் உதறிப் போட்டால் முடிந்தது. சைலேஜ் என்றால் தோண்டி, பார்த்து, மோந்து, மூடிவிட்டு வர வேண்டும். உலர்தீவனம் தின்கிற ஆடு தண்ணீர் அதிகம் கேட்கும், கோடையில் தலைக்கு நாலைந்து லிட்டர். இரவும் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும். எதையும் தரையில் போடக் கூடாது. காலடியில் மூத்திரம் பட்டதைச் செம்மறி பசித்தாலும் தொடாது. தலைக்கு ஓரடி வீதம் தொட்டி நீளம் கொடுத்தால் மெலிந்த ஆட்டுக்கும் இடம் கிடைக்கும். தாது உப்பு போடுபவர்கள் மாட்டுக்கான பாக்கெட்டை அப்படியே போட வேண்டாம். அதிலுள்ள செம்பு செம்மறிக்கு அதிகமாகிவிடலாம்.

நெல் வைக்கோலைப் பொறுத்தவரை, 3, 4 சதவீதப் புரதமும் சொரசொரப்பும்தான் அதில் உண்டு. வேறு எதுவும் கிடைக்காத வருஷத்துக்கு ஆகும். செம்மறிக்காக லாரி வாடகை கொடுத்து வாங்குவது வீண்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பால் கட்டும்போது அறுத்த மெல்லிய தட்டு. இரண்டு வைக்க முடியுமென்றால் கொடியைப் பட்டி முழுக்க இறைக்காமல், ஈனுவதற்கு ஆறு வாரம் இருக்கும் சினை ஆட்டுக்கும் ஈன்ற பின் இரண்டு மாதம் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் மட்டும் ஒதுக்க வேண்டும். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் அப்போது ஆட்டால் நிறையத் தின்னவும் முடியாது. தலைக்கு 300 கிராம், 20 ஆடு, சுமார் 100 நாள் என்றால் 600 கிலோ, கழிவோடு 700. அரை ஏக்கர் கடலைக்காட்டுக் கொடியும் மேற்கொண்டு கொஞ்சமும் வாங்கினால் சரியாகிவிடும். மீதி 1,100 கிலோவுக்கு ஓர் ஏக்கர் தட்டு, மழை சுமாராக இருந்தாலும் கிட்டத்தட்ட வந்துவிடும்.

முதல் மழை விழுந்ததும் போர் அடியைத் துடைத்துவிட வேண்டாம். காய்ந்ததைத் தின்றுகொண்டிருந்த ஆடு ஒரே நாளில் இளம்புல்லில் இறங்கினால் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) வரும். கொழுத்த குட்டிதான் முதலில் போகும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருந்தாலும், இரண்டு வாரத்துக்குக் காலையில் பட்டி திறக்குமுன் தலைக்கு 300 கிராம் தட்டு போட்டு, அரைவயிறு நிறைந்த பிறகே மேய்ச்சலுக்கு விட வேண்டும். அதற்கு மட்டும் 90 கிலோ ஒதுக்கி, தனியாகக் கட்டி வைக்க வேண்டும்.