குக்கிப் பெட்டியா, கூடாரமா?

மூத்த மகளுக்கு ஆறு வயதானபோது ஒரு ட்ரூப், அதாவது சாரணர் குழு, தொடங்கினேன். பதினொன்று ஆனபோது இன்னொன்று. முதலாவது, சிறுமிகளுக்கான கேர்ள் ஸ்கவுட்ஸ். இரண்டாவது, பாய் ஸ்கவுட்ஸ் என்று ஒரு நூற்றாண்டு இருந்துவிட்டு 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு; இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறது. "இரண்டும் ஒன்றுதானே?" என்று இங்கே நியூஜெர்சியில் நம்மவர்கள் கேட்காத வாரமில்லை. ஒன்றல்ல. 'ஸ்கவுட்' என்ற சொல் யாருக்கு என்று 2018இல் நீதிமன்றப் படியேறியவர்கள் இவர்கள்.

எதில் பெறும் விருதுக்கு மதிப்பு அதிகம் என்று பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். உச்ச விருது கேர்ள் ஸ்கவுட்ஸில் கோல்டு அவார்டு, ஸ்கவுட்டிங் அமெரிக்காவில் ஈகிள். ஈகிளின் பெயரை நம் ஊர்க்காரர்களும் கேட்டிருப்பார்கள். பெண்களின் முதல் அணி அதைப் பெற்றது 2021இல்தான். ஆனால் குழுவை நடத்தப்போகிறவருக்கு அது பிறகு வரும் கவலை. முதலில் கேட்க வேண்டியது, பாரம் யார் தோளில் இறங்கும் என்பதை.

தொடங்குவது கேர்ள் ஸ்கவுட்ஸில் எளிது. ஐந்து சிறுமிகள், ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவராவது பெண். கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து நடத்த முடியாது. பின்னணிச் சரிபார்ப்பும் இணையவழிப் பயிற்சியும் முடிந்தால் நூலகத்தில் ஓர் அறையைப் பிடித்து ஆரம்பித்துவிடலாம். நானும் பக்கத்துத் தெருத் தோழியும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஜூலியட் கார்டன் லோ 1912இல் சவான்னாவில் 18 பெண்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கம். அந்த வீட்டுக்கூடத்துத் தன்மை இன்னும் போகவில்லை.

ஸ்கவுட்டிங் அமெரிக்காவில் நீங்கள் மட்டும் விரும்பினால் போதாது. ஒரு தேவாலயமோ கோயிலோ ரோட்டரி சங்கமோ "இது எங்கள் ட்ரூப்" என்று கையெழுத்திட வேண்டும். குறைந்தது மூன்று பேர் கொண்ட கமிட்டி வேண்டும், அது போக ட்ரூப்பை வழிநடத்தும் பெரியவரான ஸ்கவுட்மாஸ்டர். பெண் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் 21 வயது நிரம்பிய பெண் ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும். நான் கேட்ட முதல் இடத்தில் இரண்டு மாதம் யோசித்துவிட்டுக் கைவிரித்தார்கள். பிறகுதான் புத்தி வந்தது: ஆண் பிள்ளைகளின் ட்ரூப் ஏற்கெனவே இயங்கும் இடத்தில் கேட்டேன். அங்கே கமிட்டி இருக்கிறது, கூடாரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ்.

ஆறு வயதுக் குழந்தைகளின் கூட்டத்தில் எல்லாம் தலைவியின் வேலைதான். கத்தரிக்கோல், பசை, தின்பண்டம், யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்ற பட்டியல். பிறகு குக்கி, குழுவின் செலவுக்காகச் சிறுமிகள் விற்கும் பிஸ்கட். 1917இல் ஓக்லஹோமாவில் ஒரு ட்ரூப் வீட்டு அடுப்பில் சுட்டு விற்றதில் தொடங்கியது. இன்று அது என் கார் நிறுத்தும் கொட்டகையை விழுங்கும் வியாபாரம். ஒரு பெட்டியில் குழுவின் கைக்கு வருவது சுமார் ஒரு டாலர், பகுதிக்குப் பகுதி மாறும். குளிரில் மளிகைக்கடை வாசலில் மேசை போட்டு நின்றபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருபது டாலர் நோட்டுக்குச் சில்லறை கொடுக்க விரல்விட்டு எண்ணினாள். வாங்க வந்தவர் பனியில் பொறுமையாகக் காத்திருந்தார். குக்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் ஒரு பெற்றோரைத் தனியாக நியமியுங்கள். நான் அதைச் செய்யாமல் பிப்ரவரி முழுக்கத் தூக்கம் கெட்டேன்.

பதினொரு வயதுக்காரிகளின் ட்ரூப்பில் நான் கற்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டிருப்பது. மூத்த தலைவியைப் பெண்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அணித் தலைவிகள் கூடி மாதத் திட்டம் போடுகிறார்கள். முதல் முகாமுக்கு மளிகைப் பட்டியலும் அவர்களுடையதே. நாலு ரொட்டிப் பாக்கெட், முப்பது முட்டை, எண்ணெய் இல்லை. என் பையில் ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய் இருந்தது. எடுக்கவில்லை. முட்டையை வேகவைத்துத் தின்றார்கள். மறுமாதப் பட்டியலில் எண்ணெய் முதல் வரியில் இருந்தது. அம்மாவாக அந்தப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, குக்கிக் கணக்கைவிடக் கடினம்.

கேர்ள் ஸ்கவுட்ஸிலும் பெண்களே முடிவெடுப்பதுதான் கொள்கை. கைவேலை, அறிவியல், ஊர்ச்சேவை, முகாம் என எதை வேண்டுமானாலும் குழு தேர்ந்துகொள்ளலாம். தலைவிக்கு முகாம் பிடிக்காவிட்டால் நாலு வருடம் கூடாரத்தையே பார்க்காத ட்ரூப்பாக அது ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. மற்றதில் முகாம் போகாமல் தரம் ஏறவே முடியாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேர்ள் ஸ்கவுட்ஸ் ஆண்டுச் சந்தா வெகுநாள் 25 டாலர். அதைப் படிப்படியாக 65 ஆக்க 2024 அக்டோபரில் முடிவானது. ஸ்கவுட்டிங் அமெரிக்காவில் அதைவிட அதிகம், முகாம் செலவு தனி. சனிக்கிழமை பரதம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று ஓடும் வீட்டுக்குப் பணத்தைவிட வாரயிறுதிதான் பஞ்சம். மாதம் ஒரு முகாம் என்றால் பரத ஆசிரியையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

மகள் ஐந்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் தயங்காமல் கேர்ள் ஸ்கவுட்ஸ் தொடங்குங்கள் என்பேன், தோழி ஒருத்தி தோள் கொடுத்தால். சிறுமிகளுக்கு ஸ்கவுட்டிங் அமெரிக்காவிலும் சின்னப் பிள்ளைகளுக்கான கப் ஸ்கவுட்ஸ் உண்டு என்றாலும், பெண்கள் மட்டுமே உள்ள அறையில் கூச்சம் விலகுவதைக் கண்ணால் பார்த்தவள் நான். பதினொன்றைத் தாண்டியவள், காட்டுக்குப் போகத் துடிப்பவள் என்றால் கையெழுத்திட ஓர் இடம் தேடும் அலைச்சல் தகும். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கவும் தடையில்லை.

எங்கள் வீட்டில் இளையவளுக்கு இப்போது எட்டு. அவள் ட்ரூப்பின் குக்கி வந்து இறங்கும் சனிக்கிழமையில்தான் அக்காவின் குளிர்கால முகாமும். வண்டி ஒன்றுதான். கூடாரங்களைக் கூரைமேல் கட்டியிருக்கிறேன்.