பழைய தோட்டா, புதுப் பெட்டி: 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நெகிரி செம்பிலான் பகாவ் சுற்றுவட்டாரத்தில் செம்பனைக் கன்றுகளைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாரும் இதைப் படித்துவிட்டு அடுத்த பெட்டி தோட்டா வாங்குங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் கடையில் நடந்தது எந்தக் கடையிலும் நடக்கலாம்.

வாங்கியது 12 போர் (குழல் விட்டத்தின் அளவு), 70 மில்லிமீட்டர், எஸ்.ஜி. எனப்படும் பெரிய ஈயக் குண்டு. பெட்டி புதுசு, மேலே ஒட்டிய டேப்பும் புதுசு. உள்ளே இருந்தது மூன்று வகைச் சரக்கு. சில, கடதாசி ஓடு போட்ட பழங்காலத் தோட்டா. சில, 76 மில்லிமீட்டர் மேக்னம், அதாவது அழுத்தம் கூடிய நீளத் தோட்டா. மிச்சமெல்லாம் சுட்டுத் தள்ளிய பிளாஸ்டிக் ஓட்டில் மறுபடியும் வெடிமருந்து நிரப்பியவை. அதே கடையில் வாங்கிய பக்கத்துக் கம்பத்துச் சிறுதோட்டக்காரர் பெட்டியிலும் இதே கலப்படம்தான். நமக்கு லைசன்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. ஒரு பெட்டி கெட்டுப்போனால் பணம் மட்டும் போவதில்லை, அந்த வருசத்துக் காவலில் ஒரு பங்கும் போகிறது.

இந்த மூன்றில் மிக ஆபத்தானது நீளக் கணக்கு. பலரும் அதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பெட்டியில் 70 என்று போட்டிருப்பது சுட்டு முடித்த பிறகு வாய் விரிந்த ஓட்டின் நீளம். சுடாத 70 மில்லிமீட்டர் தோட்டா, வாய் நட்சத்திர மடிப்பாக இருந்தால், ஏறத்தாழ 58 மில்லிமீட்டர்தான் இருக்கும். 76 மில்லிமீட்டர் தோட்டாவும் சுடாதபோது 65 பக்கம்தான். ஆகவே "உள்ளே போகுது, துப்பாக்கி மூடுது, அப்போ சரிதான்" என்பது பொய்ச் சோதனை. 65 மில்லிமீட்டர் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) உள்ள பழைய இங்கிலாந்து ரெட்டைக்குழலில் 70-ம் போகும், 76-ம் போகும், தடையில்லாமல் மூடும். சுடும்போது வாய் மடிப்பு விரிய இடம் இல்லாமல், குழல் குறுகும் இடத்துக்குள் போய் நெருக்கும். குண்டும், அதற்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கும் தக்கையும் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் எகிறும். மேக்னம் என்றால் இன்னும் மோசம்: சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய உச்ச அழுத்த அளவு 740 பார், மேக்னத்துக்கு 1050 பார்.

உங்கள் துப்பாக்கியின் சேம்பர் எத்தனை என்று தெரியாவிட்டால் குழலைக் கழற்றி அடித்தட்டையான பகுதியைப் பாருங்கள். பிரிட்டிஷ் முத்திரையில் 2½ அங்குலம் என்றால் 65 மில்லிமீட்டர், 2¾ என்றால் 70, 3 என்றால் 76. பக்கத்தில் அழுத்தத்தின் டன் கணக்கும் (சதுர அங்குலத்துக்கு) இருக்கலாம்: 1954-க்குப் பிந்திய முத்திரைகளில் 65-க்கு 3 டன், 70-க்கு 3¼ டன். முத்திரை தேய்ந்து போயிருந்தால் ஊகிக்காதீர்கள், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அளவுகோல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சுட்ட ஓடுகள் கையில் இருந்தால் அவையும் சொல்லும். வாய் கிழிந்து, பிசிறடித்து, இழுபட்ட மாதிரி இருந்தால் நீளம் ஒத்துப்போகவில்லை.

கடைக்காரர் சொன்ன சமாதானம் இது: "அண்ணே, பழைய எஸ்.ஜி.தான் நல்லாச் சேர்ந்து போகும், இப்ப வர்றதெல்லாம் சிதறிடும்." உண்மை இதற்கு நேர்மாறு. பழைய தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் கம்பளித் தக்கை, மேலே ஓர் அட்டை. குண்டுகள் நேராகக் குழல் சுவரில் உரசிப் போகும். மென்மையான ஈயம் ஒரு பக்கம் தட்டையாகும், தட்டையானது விலகிப் பறக்கும். வாயை மூடிய அந்த அட்டையும் சில நேரம் குண்டுகளுக்கு நடுவே குறுக்கிட்டுக் கூட்டத்தைக் கலைக்கும். 1960-களில் பிளாஸ்டிக் கிண்ணத் தக்கை வந்தது. குண்டுகள் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து வருவதால் சுவர் படுவதில்லை. நல்ல எஸ்.ஜி. தோட்டாவில் இடைவெளியில் பிளாஸ்டிக் தூளும் நிரப்பியிருப்பார்கள், குண்டு ஒன்றையொன்று நசுக்காது. பன்றிக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் எஸ்.ஜி. குண்டு ஒன்று சுமார் 8.4 மில்லிமீட்டர், 32 கிராமில் மொத்தமே ஒன்பதுதான். அதில் நான்கு விலகினால் பன்றி அடிபட்டுக் காட்டுக்குள் ஓடிச் சாகும். அது கொடுமை, அதைத் தேடிப் போகிறவருக்கும் ஆபத்து.

வயசு மட்டும் தோட்டாவைக் கெடுக்காது, இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். காய்ந்த, குளிர்ந்த இடத்தில் மூடிவைத்த பழைய தோட்டா ஒழுங்காக வெடிக்கும். கெடுப்பது நம் ஊர் ஈரம், தகரக் கூரைச் சூடு, மண் தரை. கடதாசி ஓடு உப்பி சேம்பரில் இறங்காது. பித்தளை அடியில் பச்சை பூக்கும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கித் தரும் கடை இன்னும் மோசம், எண்ணெய் கேப்புக்குள் (மருந்தைப் பற்றவைக்கும் அடி மூடி) ஊறினால் தீப்பொறியே வராது.

மறுபடி நிரப்பிய தோட்டாவைக் கண்டுபிடிப்பது கடினமில்லை, வெளிச்சத்தில் பார்த்தால் போதும். கேப்பின் விளிம்பில் கீறல், பித்தளை அடியைச் சுற்றி அழுத்திய வளையக் கோடு, வாய் மடிப்பின் நடுவில் ஓட்டை அல்லது மெழுகு, பிளாஸ்டிக்கில் அச்சு தேய்ந்திருப்பது, ஒரே பெட்டியில் ஆறு மடிப்பும் எட்டு மடிப்பும் கலந்திருப்பது. பத்துத் தோட்டாவை நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஒரே வகையில் 2 கிராமுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் நான் அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன். வெளிநாடுகளில் மறுநிரப்பல் முறையான பொழுதுபோக்கு, அளவு பார்த்துச் செய்கிறார்கள். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உற்பத்தி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே நம் கைக்கு வரும் நிரப்பல் சரக்கில் எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்க ஆளே கிடையாது. சுட்ட ஓட்டைச் சேகரிக்க வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள், அதுதான் இந்தப் பெட்டிக்குள் திரும்பி வருகிறது.

மருந்து குறைந்த தோட்டா "டப்" என்று மந்தமாக வெடிக்கும், தோளில் உதை இருக்காது. அப்போது அடுத்ததைப் போடவே கூடாது. தக்கை குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். இடது கை பிடிக்கும் இடம் அதுதான். இரண்டு குழலையும் காலி செய்து, திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் முழு வட்டம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மறு தோட்டா. கேப்பை அடித்தும் வெடிக்கவில்லையென்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருங்கள், தாமதித்தும் வெடிக்கும். 20 போர் தோட்டா ஒன்று 12 போர் பெட்டியில் கலந்து வந்தாலும் இதே விபத்துதான், அது சேம்பரைத் தாண்டி உள்ளே வழுக்கி நின்றுவிடும். 20 போர் பெரும்பாலும் மஞ்சள் நிறம், 12 போர் பெட்டியில் மஞ்சளைப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியையும் படியுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "தோட்டா வித்தா வாங்க மாட்டோம், போலீஸ் ரூல்" என்றார்கள். பதில் அவ்வளவுதான், ரசீதிலும் தயாரிப்பு எண் எழுதித் தரவில்லை. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே கடை மேசையில் டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், எல்லாவற்றின் அடியிலும் ஒரே பெயர் இருக்கிறதா பாருங்கள், பெட்டி எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். கெட்டதென்று தெரிந்த தோட்டாவைத் தீயில் போடுவதோ ஆற்றில் வீசுவதோ வேண்டாம். பெட்டி, ரசீது, லைசன்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் லைசன்ஸைப் புதுப்பிக்கும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, எத்தனை தோட்டா ஒப்படைத்தீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.