ஈ.ஆர்.பி. பார்ட்னர்: பெரிய நிறுவனமா, சின்னக் குழுவா?

கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள்தான் ஈ.ஆர்.பி. அதில் மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரல்தான் வாங்குவது என்று எங்கள் அலுவலகத்தில் முடிவாக அதிக நேரம் பிடிக்கவில்லை. அதை யாரை வைத்து நிறுவுவது என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மைக்ரோசாஃப்ட் இதைப் பார்ட்னர்கள், அதாவது விற்று நிறுவித் தரும் வெளி நிறுவனங்கள், வழியாகத்தான் விற்கிறது. எஸ்.ஏ.பி. பிசினஸ் ஒன் என்ற மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான். ஓடூ, நெட்சூட் போன்ற மற்ற ஈ.ஆர்.பி.களை நேரடியாகவும் வாங்கலாம், பார்ட்னர் மூலமாகவும் வாங்கலாம். கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள்: பல மென்பொருள்களைக் கையாளும் பெரிய நிறுவனம் ஒன்று, இந்த ஒன்றை மட்டுமே செய்யும் சின்னக் குழு ஒன்று. நாங்கள் எடுத்தது சின்னக் குழுவை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

விலையில் பேச அதிகமில்லை. எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் லைசென்ஸ் கட்டணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வித்தியாசமெல்லாம் நிறுவும் கூலியில். பெரிய இடத்தில் மணிக்கணக்குக் கட்டணம் கூடுதல், திட்ட மேலாளருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டெமோவை வைத்தும் முடிவெடுக்க முடியாது. டெமோ காட்டுகிறவர் ஒருவர், வேலைக்கு வருகிறவர் இன்னொருவர். யார் வருவார்கள் என்று பெயரோடு எழுதித் தரச் சொன்னோம். பெரிய நிறுவனம் 'தகுதியுள்ள ஆலோசகர்' என்று எழுதித் தந்தது. சின்னக் குழுவில் டெமோ காட்டியவரேதான் வேலைக்கும் வந்தார்; வேறு ஆள் இருந்தால்தானே!

விலைப்புள்ளியின் முதல் பக்கத்தில் அச்சடித்து வரும் தங்க, வெள்ளிச் சின்னங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடூவில் ரெடி, சில்வர், கோல்டு என்ற படிநிலைகளுக்குப் புதிதாக எத்தனை பயனர்களை விற்றார்கள், சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர், பழைய வாடிக்கையாளர்கள் எவ்வளவு பேர் தங்கினார்கள் என்று பார்க்கிறார்கள். மூன்றாவது கணக்கு மட்டும்தான் நமக்கு உபயோகம். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் கோல்டு, சில்வரைக் கைவிட்டு 'சொல்யூஷன்ஸ் பார்ட்னர்' முறைக்கு மாறிவிட்டது. நூற்றுக்கு 70 புள்ளி எடுத்தால் அந்தப் பட்டம். இன்னமும் மைக்ரோசாஃப்ட் கோல்டு என்று யாராவது போட்டிருந்தால், அந்த விலைப்புள்ளியின் மாதிரியைத் திறந்து பார்த்தே சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

சரி, எங்களுக்கு முடிவைத் தீர்த்த விஷயத்துக்கு வருகிறேன். நமக்கென்று எழுதப்படும் மாற்றங்கள், அதாவது கஸ்டமைசேஷன், யார் கையில் இருக்கும், அதை யார் தொடர்ந்து பராமரிப்பார்கள்? மற்றதெல்லாம் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். இது மட்டும் ஈடாகாது.

பிசினஸ் சென்ட்ரலின் மூதாதை நாவிஷன். அந்தக் காலத்தில் பார்ட்னர் மென்பொருளின் மூல நிரலுக்குள்ளேயே கை வைத்து மாற்றுவார். அடுத்த பதிப்பு வரும்போது அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புதிய நிரலோடு இணைக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பழைய பதிப்பில் ஆண்டுக்கணக்கில் தேங்கிப்போன நிறுவனங்கள் ஏராளம். 2019 அக்டோபர் பதிப்பிலிருந்து அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இப்போது மாற்றங்கள் எல்லாம் எக்ஸ்டென்ஷன் என்ற தனிப் பொதியாக வெளியே இருந்து ஒட்டிக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெரிய புதுப்பிப்பு வரும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. மைக்ரோசாஃப்ட் ஒரு தரவுப் புலத்தையோ (ஃபீல்ட்) செயலையோ நீக்கப்போகிறதென்றால், முதலில் நிரலைத் தொகுக்கும்போது (கம்பைல்) எச்சரிக்கையாகக் காட்டும், நீக்குவது பிறகுதான். அந்த எச்சரிக்கையைப் படித்துச் சரிசெய்ய ஒருவர் இருக்க வேண்டும். படிக்காமல் விட்டால் ஏதோ ஒரு புதுப்பிப்பில் எக்ஸ்டென்ஷன் உடையும், அன்றைக்கு விற்பனைப் பில் போடவே முடியாமல் போகலாம்.

இனி நிரல் யாருடையது என்பது. எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றிலும் ஆப்.ஜேசன் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் 'ரிசோர்ஸ் எக்ஸ்போஷர் பாலிசி' என்ற பகுதி. அதற்குள் 'அலவ் டவுன்லோடிங் சோர்ஸ்' என்று ஒரு வரி. அது மறுப்பில் இருந்தால், நாம் காசு கொடுத்து எழுதவைத்த எக்ஸ்டென்ஷன் நம் கணக்கில் ஓடும், ஆனால் அதன் நிரலை நாம் இறக்கிக்கொள்ள முடியாது. இந்த வரியில் என்ன போடுவீர்கள் என்று இருவரிடமும் கேட்டோம். பெரிய நிறுவனத்தின் பதில்: எழுதியது எங்கள் அறிவுச் சொத்து, ஒப்பந்தம் இருக்கும்வரை பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. சின்னக் குழுவின் பதில்: நிரலைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தை உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள், எங்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாதபோது நீக்கிவிடுங்கள்.

இதில் உணர்ச்சிக்கு இடமில்லை, தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஓர் எக்ஸ்டென்ஷன் தன் அட்டவணைகளில் சேர்த்த தரவெல்லாம் அதன் அடையாள எண்ணோடு கட்டுண்டது. நிரல் கையில் இருந்தால் புதிய பார்ட்னர் அதே அடையாள எண்ணை வைத்துக்கொண்டு பதிப்பு எண்ணை மட்டும் உயர்த்தித் தொடரலாம்; தரவு அப்படியே இருக்கும். நிரல் இல்லையென்றால் முதலிலிருந்து வேறொன்றை எழுதி, தரவையும் ஒவ்வொரு புலமாக இடம் மாற்ற வேண்டும். பார்ட்னர், பல வாடிக்கையாளர்களுக்கும் விற்கும் தன் சொந்த ஆட்-ஆனுக்குள் நம்முடைய மாற்றங்களையும் கலந்து வைத்திருந்தால் இன்னும் சிக்கல். அதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு வாடிக்கையாளருக்கென்று எழுதுவதற்கு ஒதுக்கப்பட்ட எண்கள் 50000 முதல் 99999 வரை. நமக்காக எழுதிய அட்டவணையும் பக்கமும் அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாலே போதும்.

ஓடூ எடுப்பவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். அங்கே மாட்யூல்கள் என்ற தனித்தனிப் பகுதிகள் பைத்தான் மொழியில் எழுதப்படுவதால் சர்வர் நம்முடையதாக இருந்தால் நிரலைப் பார்ப்பதில் தடையில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஆதரவு அண்மைய மூன்று பதிப்புகளுக்குத்தான். நமக்கென்று எழுதிய மாட்யூல்களைப் புதிய பதிப்புக்கு ஏற்றித் தருவது யார், அது பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனிப் பில்லா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. ஓடூவே சர்வர் தரும் ஓடூ.எஸ்.எச். சேவையை எடுத்தால், நிரலை வைக்கும் கிட்ஹப் கணக்கு யார் பெயரில் என்பதையும்.

சின்னக் குழு என்றதும் எல்லோரும் சொல்லும் பயம் ஒன்றுதான்: அந்த ஒருவர் போய்விட்டால்? நியாயமான பயம். ஆனால் பெரிய நிறுவனத்திலும் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே நம் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஒரு புதியவர் வருவார், அவ்வளவுதான். நிரலும் குறிப்புகளும் நிர்வாகக் கணக்கும் நம்மிடம் இருந்தால் அந்தப் பயம் பாதியாகக் குறைகிறது. நிர்வாக அனுமதியிலும் இதே ஒழுங்கு வேண்டும். மைக்ரோசாஃப்ட் முறையில் பார்ட்னருக்குக் கொடுக்கும் அனுமதிக்கு அதிகபட்சக் காலம் 730 நாள், எந்தெந்தப் பொறுப்புகள் என்றும் பிரித்துக் கொடுக்கலாம். முழு நிர்வாகி உரிமையை நம் ஆள் ஒருவரிடம் வைத்துக்கொண்டு, பார்ட்னருக்கு வேலைக்குத் தேவையானதை மட்டும் கொடுத்தால் போதும்.

அன்றாட சப்போர்ட்டில் சின்னக் குழுவுக்கு இருக்கும் லாபத்துக்கு ஓர் உதாரணம். மாத முடிவில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் பில்கள் மட்டும் வேறு வருமானக் கணக்கில் போய் விழுந்தன. போனை எடுத்தவர் எங்கள் செட்டப்பைச் செய்தவரே. "அந்த வாடிக்கையாளர் கார்டைத் திறந்து பிசினஸ் போஸ்டிங் குரூப்பைப் பாருங்கள், யாரோ மாற்றியிருப்பார்கள்" என்றார். பில் எந்த வருமானக் கணக்கில் விழும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்குள்ள பகுதி அது. மாற்றித்தான் இருந்தார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் முகவரி திருத்தப் போய் அதையும் தொட்டிருக்கிறான். டிக்கெட் போட்டு, முதல்நிலை, இரண்டாம்நிலை என்று ஏறியிருந்தாலும் விடை கிடைத்திருக்கும். மாதம் முடித்தபிறகு கிடைத்திருக்கும்.

குறையும் உண்டு. ஆவணம் எழுதுவதில் சின்னக் குழுக்காரர்கள் சோம்பல். கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் வேலையைப் பார்ப்பவர் விடுப்பில் இருக்கும் வாரம் எங்களுக்கும் கொஞ்சம் படபடப்புதான். அதனால் கட்டணத்தின் கடைசித் தவணையை, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் என்ன செய்கிறது, எந்த அட்டவணையைத் தொடுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு தரவேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துவிட்டோம். வேலை செய்தது.

பழைய வாடிக்கையாளர்களிடம் விசாரிக்கும்போது, போன மாதம் கோ-லைவ் ஆனவரிடம், அதாவது புதிய மென்பொருளில் வேலையைத் தொடங்கியவரிடம், கேட்டுப் பயனில்லை. அவர் இன்னும் தேனிலவில் இருப்பார். குறைந்தது நான்கைந்து புதுப்பிப்புகளைக் கடந்தவரிடம் கேட்க வேண்டும். முடிந்தால் அந்தப் பார்ட்னரை விட்டு விலகிய ஒருவரிடமும். விலகும்போது என்னென்ன கையில் கிடைத்தது என்று அவர்தான் சொல்வார்.

எங்களுடையது வாங்கி விற்கும் வியாபாரம், ஒரே கிடங்கு. பல நாடுகளில் கிளை, ஒவ்வொன்றுக்கும் தனி வரி முறை, கணக்குகளை ஒன்றுசேர்க்கும் வேலை, தொழிற்சாலைத் திட்டமிடல் என்று வரும்போது சின்னக் குழு தாங்குமா என்பதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆள் பலம் உள்ள பெரிய நிறுவனம் தேவைப்படலாம். அங்கே மணிக்கணக்குக் கட்டணத்தில் பேரம் பேசுவதைவிட, நிரல் உரிமைப் பத்தியைத் திருத்தித் தரச் சொல்லிப் பேரம் பேசுவேன். கையெழுத்துக்கு முன் அதற்கு அவர்கள் இறங்கிவர வாய்ப்பு அதிகம். பின்னால் கேட்டால் அதற்கும் ஒரு விலைப்புள்ளி வரும்.