அயனி மரக் கதவு: பல மழைக்காலம் பார்த்த பிறகு

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டியபோது நிலை, கதவு, சன்னல் எல்லாவற்றையும் அயனியில்தான் செய்தோம். தேக்கா, அயனியா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். நல்ல வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றிக் கெட்டியான தடி கிடைத்தால் தயங்காமல் அயனியே போடுங்கள். தேக்கைவிட விலையும் குறைவு.

எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. மேற்குச் சன்னல்கள் சாரலை நேராக வாங்குகின்றன. இதுவரை ஒன்றிலும் கரையான் ஏறவில்லை. அடைமழையில் ஒரு கதவு மட்டும் சற்று இறுகும், வெயில் வந்ததும் சரியாகிவிடும். புதிதில் மஞ்சளாக இருந்த மரம் இப்போது அழகான பழுப்புக்கு வந்திருக்கிறது. இதன்மேல் பெயின்ட் அடிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! வார்னிஷ் போதும்.

கவனிக்க வேண்டியது வெள்ளையை. வைரத்தைச் சுற்றியுள்ள அந்த வெளிறிய பகுதியைப் பூச்சி விடாது. எங்கள் அலமாரியில் வெள்ளை ஒட்டியிருந்த ஓரம் மட்டும் மாவாக உதிர்ந்தது, பக்கத்திலிருந்த வைரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுப்பு மில்லிலேயே பார்த்துக் கழித்துவிடுங்கள். அப்புறம், சில பலகைகளில் நார் மாறி மாறி ஓடும். இழைக்கும்போது பிய்யும் என்பதால் ஆசாரிக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

மழையைத் தாங்குவதில் வியப்பில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கே உரிய மரம் இது. பலாவின் நெருங்கிய உறவு, தாவரப் பெயர் ஆர்ட்டோகார்ப்பஸ் ஹிர்சுட்டஸ். 30 மீட்டருக்கு மேலும் நெடுநெடுவென்று வளரும். கன்றின் இலை ஆழமாகப் பிளவுபட்டிருக்கும், பெரிய மரத்தில் முழு இலை. அதனால் கன்றைப் பார்த்து வேறு செடி என்று பிடுங்கிவிடுகிறார்கள். ஆண் பூக்கதிர் திரிபோல் தொங்கும். காய்ந்து விழுந்ததைக் கொளுத்திக் கொசுவை விரட்டுவது கேரளத்தில் பழைய வழக்கம்.

ஆலப்புழைப் பக்கத்துச் சுண்டன் வள்ளங்கள் எனும் நீண்ட பந்தயப் படகுகள் இந்த மரத்தில் செய்பவைதான். 1980இல் கடல்பயண எழுத்தாளர் டிம் செவெரின் ஓமானிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட 'சோஹார்' கப்பலுக்கும் மலபாரிலிருந்து அயனிப் பலகைதான் போனது. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த கப்பல் அது, கடலைத் தாண்டி 1981இல் சீனா சேர்ந்தது.

இப்போது முற்றிய தடி கிடைப்பது அரிதாகிவருகிறது. தோட்டத்து அயனியை வெட்டி ரப்பர் வைத்தவர்கள் பலர். இடம் இருப்பவர்கள் வேலியோரத்திலாவது ஒன்று வையுங்கள். கோடையில் அயனிச்சக்கை (அயனிப் பழம்) தின்றால் விதையை எல்லாம் வறுத்துவிடாமல் சிலவற்றை உடனே ஊன்றுங்கள். காய்ந்துபோனால் முளைக்காது.