திராட்சை வினிகருக்கு எந்த ஜாடி?

திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து ஒயினும் போடலாம், வினிகரும் போடலாம். ஆனால் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது தமிழ்நாட்டில் குற்றம். அதனால் வினிகருக்கு மட்டும் சொல்கிறோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைக்கும் பழைய பீங்கான் ஜாடிகள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அலங்காரத்துக்கு மட்டும் வாங்குங்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம். பழத்தின் புளிப்பு அதைச் சாற்றுக்குள் இழுத்துவிடும். தட்டினால் கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் விரிசலும் உண்டு.

ஏர்லாக் மூடி (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி) போட்ட 5 லிட்டர் கண்ணாடி ஜாடிதான் சரி. சாற்றை மூன்றரை லிட்டரோடு நிறுத்துங்கள், நுரை பொங்கும். சாதாரண மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து ஜாடியே வெடிக்கும். நுரை அடங்கியதும் மூடியை எடுத்துவிட்டு மெல்லிய துணி கட்டுங்கள். காற்று பட்டால்தான் வினிகராகும்.

அடியில் எவர்சில்வர் தாம்பாளம் கட்டாயம். வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. புளித்த சாறு சிந்தினால் பளபளப்பு போய்த் திட்டு விழும்.