மீட்டியோர் 350-க்கு ஒரு அங்குல ரைசர்: ஆறடி உயரக்காரரின் மதிப்பீடு

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-இன் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஐந்தரை அடி உயரமுள்ள என் தம்பி ஏறி அமர்ந்தால் ஹேண்டில்பார் அளவெடுத்துச் செய்ததுபோல் அவன் கைக்கு வந்துவிடும். எனக்கோ உயரம் ஆறடி. இதுபோன்ற க்ரூஸர் வகை பைக்கில் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் உடலின் பாரத்தைக் கால்களில் ஊன்றித் தாங்க முடியாது. ஹேண்டிலை எட்டுவதற்குச் சற்றுக் குனிந்தாலும் பாரமெல்லாம் அடிமுதுகில் இறங்கிவிடும். அதனால்தான் ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் துண்டான ரைசர் ஒன்றை, ஒரு அங்குல உயரத்தில் அலுமினியத்தில் வாங்கினேன்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வை ஒட்டி ரைசர் அமர்வதால் ஹேண்டில்பார் உயர்வதோடு நம் பக்கமாகவும் கொஞ்சம் வருகிறது. எனக்கு உதவியதில் பாதி இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓட்டியபோது, முழங்கை இலேசாக மடங்கி, தோள் இறுக்கமின்றி இருந்தது. மரக்காணம் தாண்டியும் முதுகை நிமிர்த்துவதற்காக வண்டியை நிறுத்தத் தோன்றவில்லை.

ஆனால் முதல் வாரத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. ரைசரின் மீது பழி போட இருந்தேன். உண்மையில் பொருத்தியவர் ஹேண்டிலின் கோணத்தைப் பார்க்காமலே முடுக்கியிருந்ததால், மணிக்கட்டு மடங்கி உள்ளங்கையின் ஓரத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது. ஹேண்டிலைச் சிறிது பின்னால் சுழற்றி, முன்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் வரும்படி பிரேக், கிளட்ச் லீவர்களையும் திருப்பி வைத்ததும் மரப்பு நின்றது. ஐந்தே முக்கால் அடிக்குக் குறைவானவர்களுக்கு, என் கருத்தில், இந்தத் திருத்தமே போதும், ரைசர் தேவைப்படாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் முன் பிரேக்குக்கு எண்ணெய் செல்லும் குழாயான ஹோஸ் விறைத்து நின்றது. வேறொரு மெக்கானிக் க்ளிப்பைக் கழற்றி, ஹோஸைத் தளர்வாக விட்ட பிறகே வண்டியைச் சாலைக்கு எடுத்தேன். எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள்.

நண்பரின் வண்டியில் இருந்த இரண்டு அங்குல ரைசர் எனக்கு ஒத்துவரவில்லை. கைகள் தோள் மட்டத்தை நெருங்கிவிட, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று முழுவதும் மார்பில் அடிக்கிறது.

புதுச்சேரியிலிருந்து திரும்பியதும் போல்ட்டின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ரைசரின் நான்கு போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தது.