பினாங்கில் ஒரு காலைப்பொழுது: பகோடாவா, தண்ணீர்மலையா, பழைய தெருவா?

ஊரிலிருந்து பினாங்குக்கு வரும் உறவுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஒரு காலைப்பொழுதுதான் கையில இருக்கு. எந்தக் கோயிலுக்குப் போகலாம்?" ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி புத்தர் கோயில், முருகன் குடியிருக்கும் தண்ணீர்மலை, ஜார்ஜ் டவுனின் பழைய பிட் ஸ்திரீட் என்று மூன்று பெயர்களை அவர்களே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். சென்ற முறை முழங்கால் வலியோடு வந்த என் சித்தியை மூன்று இடங்களுக்கும் கூட்டிப்போனேன். அவருடைய நடைக்கு ஈடுகொடுத்து நடந்தபோதுதான் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு எனக்கே சரியாகப் பிடிபட்டது.

பார்த்த உடனே வாய்பிளக்க வைப்பது கெக் லோக் சிதான். 1890-களில் தொடங்கிய கட்டுமானம் தலைமுறை தாண்டியும் தொடர்கிறது. ஏழு அடுக்குப் பகோடா 1930-இல் முடிந்தது. அதன் அடித்தளம் சீன பாணி, நடுப்பகுதி தாய்லாந்து பாணி, உச்சி பர்மிய பாணி. தாய்லாந்து மன்னர் ஆறாம் ராமா அதற்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார். மூன்று நாட்டு பௌத்தம் ஒரே கோபுரத்தில் நிற்பதை நானறிந்து வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கும் மேலே, சீனர்கள் கருணைத் தெய்வமாக வணங்கும் குவான் யின்னின் 30.2 மீட்டர் உயர வெண்கலச் சிலை இருக்கிறது. அங்கே போக மின்தூக்கி உண்டு. ஆனால் மின்தூக்கி வரைக்கும் வரிசை வரிசையாகக் கடைகள், படிகள், மீண்டும் கடைகள். சித்தி ஆமைக்குளத்தருகே உட்கார்ந்துவிட்டார். பச்சைத் தண்ணீரில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நீட்டிய கீரைத்தண்டைக் கடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அவசரப்பட முடியாது. போக வர நேரத்தையும் சேர்த்தால் காலைப்பொழுது முழுவதும் போய்விடும். சீனப் புத்தாண்டை ஒட்டி வருகிறவர்கள் மட்டும் மாலையில் போங்கள். கோயில் முழுக்க விளக்கேற்றியிருப்பார்கள், அதைத் தவறவிடக் கூடாது.

தண்ணீர்மலையில் கால்தான் முதல் கணக்கு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். மேலே இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயில் இப்போதைய வடிவத்தை எடுத்தது 2012-இல்தான். ஆகவே பழைய கட்டடத்தைத் தேடி வருகிறவருக்கு இது ஏற்ற இடம் அல்ல. பழமை அடிவாரத்தில், நாட்டுக்கோட்டை நகரத்தார் 1850-களில் கட்டிய கோயிலில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து 1894-இல் வந்த வெள்ளித் தேர் அவர்களுடையது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து அது புறப்படும்போது, சாலையில் மலைமலையாகக் குவித்த தேங்காய்களை உடைக்கச் சீனர்களும் திரண்டு நிற்பார்கள். அந்த நாளில் ஊரில் இருந்தால் வேறு எந்த யோசனையும் வேண்டாம், இங்கேதான் போக வேண்டும். மற்ற நாட்களில், வெயில் ஏறுவதற்குள் படியேற முடிந்தவர்களுக்குத்தான் சொல்வேன். சித்தி அடிவாரத்திலிருந்தே அண்ணாந்து கும்பிட்டுக்கொண்டார்.

பிட் ஸ்திரீட்டுக்கு இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். சுற்றுலாத்தாள்களில் இதற்குக் கிடைக்கும் இடம் குறைவு, அதுதான் எனக்கு ஆதங்கம். பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786-இல் இறங்கிய சில பத்தாண்டுகளுக்குள், வந்து குடியேறிய ஒவ்வொரு கூட்டமும் தன் சாமிக்கு இந்தத் தெருவை ஒட்டியே இடம் பிடித்துக்கொண்டது. வடகோடியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-இல் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. வெள்ளைத் தூண்கள், பெரிய புல்வெளி, ஐந்து நிமிடம் போதும். கொஞ்சம் நடந்தால் குவான் யின் கோயில். அதன் முற்றத்தில் ஆளுயர ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருக்கும், கண் எரியும். சந்தைக்குப் போகிற வழியில் பையைக் கீழே வைத்துவிட்டு மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டுப் போகும் பாட்டிகளைப் பார்க்கலாம். கெக் லோக் சியில் கூட்டம் சுற்றிப்பார்க்க வருகிறது, இங்கே கும்பிட வருகிறது.

அடுத்தது குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த இது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். கோபுரம் நூறு ஆண்டு கழித்து 1933-இல் வந்தது. வாசலில் பூக்கட்டுகிற அம்மாவிடம் சித்தி தமிழிலேயே பேரம் பேசி, இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். மூன்று இடங்களில் அவர் முகம் மலர்ந்தது அங்கேதான்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் 1801-இல் நிறுவியது. இப்போது நாம் பார்க்கும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டில் வந்த மாற்றம். தென்னிந்தியரைக் குறிக்க வழங்கிய 'கெலிங்' என்ற சொல் இன்று பலரைப் புண்படுத்துகிறது, மலேசியத் தமிழரிடம் அதைச் சாதாரணமாக உச்சரித்துவிடாதீர்கள். பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய பொருளோடு தங்கியிருக்கிறது. தொழுகை இல்லாத நேரத்தில் பிற மதத்தவரும் போகலாம், உடலை மறைக்கும் உடை அவசியம். பக்கத்துச் சூலியா ஸ்திரீட் முனையில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த சிறிய தர்கா உண்டு. நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஊரின் நினைவையும் கூடவே கொண்டுவந்ததற்கு அந்தச் சின்னக் கட்டடமே சாட்சி.

பரப்பிலும் உயரத்திலும் பிட் ஸ்திரீட் மற்ற இரண்டுக்கும் கிட்டவே வராது. ஆனாலும் கிறிஸ்தவம், சீன வழிபாடு, அம்மன், இஸ்லாம் என்று நான்கு வாசல்களைப் பொடிநடையாகக் கடந்துவிடலாம், ஏற்றம் கிடையாது. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இப்படி அடுத்தடுத்து வாழும் வழிபாடும் ஒரு காரணம். எனவே ஒரே காலைப்பொழுதுதான் என்றால் நான் சொல்வது இந்தத் தெரு. இரண்டாவது நாள் கிடைத்தால் கெக் லோக் சி.

காலை எட்டு மணிக்கு தேவாலயத்தில் தொடங்கித் தெற்கே நடங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆ கூட்டத்தில் பள்ளிவாசலுக்குள் போவது சிரமம். பதினொரு மணிவாக்கில் பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் கடையில் வரிசை நீளத் தொடங்கும், அதற்குள் போய் நின்றுவிடுங்கள். சாதத்தின் மேல் இரண்டு மூன்று குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள்.